உதறுவது எந்த ஃப்ரேம்?

அன்புள்ள ஜெபகுமார் அண்ணாவுக்கு,

சங்கரி எழுதுகிறேன். மஸ்கட்டில் நீங்களும் ஷீலாவும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். செங்கல்பட்டில் வெயில் இன்னும் இறங்கவில்லை. போனில் சொல்லியிருப்பேன், ஆனால் உங்கள் பெயர் திரையில் வந்தாலே என் வீட்டுக்காரர், உங்கள் சிநேகிதராயிற்றே, போனைப் பிடுங்கிக்கொள்கிறார். அதனால்தான் இந்த மெயில். இதை எழுதி முடிப்பதற்குள் இரண்டு தடவை எழுந்து போய் வாசலைப் பார்த்துவிட்டு வந்தேன்.

சைக்கிள் ஃப்ரேம் விவகாரம் உங்களுக்குத் தெரியும். தெரியும் என்ன, பாதி நீங்கள் கிளப்பிவிட்டதுதான்! பழைய சைக்கிள் கையை உதறுகிறது என்றார். பழைய அலுமினியம் அப்படித்தான், டயரில் காற்றைக் குறை என்றீர்கள். குறைத்தார். ஹேண்டில்பாருக்குத் தடியாகத் துணி சுற்று என்றீர்கள். சுற்றினார். அப்புறம் ஃப்ரேமையே மாற்று என்றீர்கள். நல்ல வேளை, ரோட்டை மாற்றச் சொல்லவில்லை.

படூரில் தேவேந்திரன் கடையில் தள்ளுபடியில் இரண்டு அலுமினிய ஃப்ரேம் வந்திருக்கிறது, ஒன்று நீலம், ஒன்று சாம்பல். தன் பழைய சக்கரங்களையே இரண்டிலும் மாற்றி மாற்றிப் பூட்டி, கோவளம் வழியாக மாமல்லபுரம் வரை ஓட்டிப் பார்க்கிறார். ஒரு வாரம் நீலம் பஞ்சு மாதிரி, சாம்பல் உலக்கை. அடுத்த வாரம் சாம்பல் தங்கம், நீலம் குப்பை. சாப்பாட்டுத் தட்டின் முன்னால்கூட இதே பேச்சு.

போன ஞாயிற்றுக்கிழமை நானும் கூடப் போனேன். அவர் நீலத்தில் கிளம்பியதும் தேவேந்திரன் என் பக்கம் குனிந்து சொன்னான்: “அக்கா, சாராண்ட சொல்லிடாதீங்க. ரெண்டும் ஒரே ஃப்ரேமுதான், கலரும் பேரும்தான் வேற. போன வருசத்து சரக்கு, தள்ளிவுட்டுகினு கீறோம். சாரு இன்னாடான்னா, ஒண்ணு ஒதறுது, ஒண்ணு ஒதறலன்னு பேஜாரு பண்றாரு.”

எனக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. அவர் திரும்பி வந்து, உள்ளங்கை மரத்துப்போய்விட்டது என்று நீலத்தைத் திட்டிவிட்டு டீ குடிக்கப் போனார். நான் துப்பட்டாவை இறுக்கிக் கட்டிக்கொண்டு அதே நீலத்தில் ஏறிவிட்டேன். காலேஜோடு விட்ட பழக்கம். கடைக்குப் பின்னால் தெருக்கோடி வரை போய் வந்தேன். வெண்ணெய் மாதிரி போயிற்று அண்ணா. அதற்குப் பிறகு சிரிக்க முடியவில்லை.

டீக்கடையில் பார்த்தேன். கிளாஸை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். சைக்கிள் இங்கே நிற்கிறது, அங்கே கை ஆடுகிறது.

யோசித்தால் எல்லாமே கண் முன்னால்தான் இருந்திருக்கிறது. ஆறு மாதமாகச் சட்டைப் பொத்தான் போட்டுவிடு என்று என்னிடம் வந்து நிற்கிறார். இந்த வயதில் இவ்வளவு ஆசையா என்று நான் பூரித்துப்போயிருந்தேன், முட்டாள். பூஞ்சேரி கூட்ரோட்டில் பிரேக்கைப் பிடிக்க முடியாமல் பஸ்ஸை உரசப் போனாராம். அதற்கும் பிரேக் ஒயர்மேல் பழி.

டாக்டரிடம் காட்டுவோம் என்றேன். தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார். ஃப்ரேம் மாறினால் எல்லாம் சரியாகிவிடும், ஜெபாவே சொல்லிவிட்டான் என்றார். உங்கள்மேல் அப்போது எனக்கு எவ்வளவு கோபம் வந்தது தெரியுமா? மன்னித்துவிடுங்கள்.

அவருக்குத் தெரியாமல் இல்லை அண்ணா. மாமனாருக்கும் இந்த நடுக்கம் கையில்தான் ஆரம்பித்தது. கடைசி இரண்டு வருஷம் இவர்தான் அவருக்குச் சோறு ஊட்டினார். ஃப்ரேம் ஃப்ரேமாக மாற்றி ஓடுவது எதிலிருந்து என்று எனக்கு இப்போதுதான் புரிகிறது. எனக்கும் பயமாக இருக்கிறது.

இனிமேல் டயர், காற்று என்று எதுவும் சொல்லாதீர்கள். டாக்டரிடம் கையைக் காட்டு என்று சொல்லுங்கள். நீங்கள் சொன்னால் கேட்பார். அந்த ஃப்ரேம் இரண்டும் ஒன்றுதான் என்பதையும் நீங்களே பக்குவமாகச் சொல்லிவிடுங்கள், நான் சொன்னால் உடைந்துபோவார். லீவு கிடைத்தால் வந்து ஆஸ்பத்திரிக்குக் கூடப் போங்கள். ஜெபம் பண்ணும்போது எங்கள் வீட்டையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

அப்பா மாதிரி நானும் ஆகிவிடுவேனா என்று உங்களிடம் ஒருநாள் கேட்பார். என்னிடம் கேட்க மாட்டார். கேட்டால், இல்லை என்று சொல்லிவிடுங்கள் அண்ணா. யோசிக்காமல் உடனே சொல்லுங்கள்.

உங்கள் தங்கை,
சங்கரி