கோணி ஊசியும் கம்பங்கூழும்

18 ஜூன் 1984, திங்கள். கம்பம்

சுருளிப்பட்டிப் பள்ளியில் எட்டாம் வகுப்புக்கு இன்று கம்ப்யூட்டர் பாடம் தொடங்கினேன். கம்ப்யூட்டர் இல்லை. மதுரையில் நடந்த கோடைப் பயிற்சியிலும் இல்லை, படம்தான் காட்டினார்கள். என்றைக்காவது வருமாம். அதுவரை தகவலை அடுக்கவும் தேடவும் பிள்ளைகளைப் பழக்கச் சொல்லி ஒரு வழி கற்றுக்கொடுத்தார்கள்.

அச்சகத்தில் மிஞ்சிய கல்யாணப் பத்திரிகை அட்டைகள். ஒரு உணவுக்கு ஒரு அட்டை. மேல் ஓரத்தில் வரிசையாக ஓட்டைகள், ஒவ்வொன்றும் ஒரு கேள்வி. இரும்புச்சத்து அதிகமா? புரதம் அதிகமா? ஆம் என்றால் அந்த ஓட்டையை ஓரம்வரை வெட்டிவிட வேண்டும். பிறகு எல்லா அட்டைகளையும் அடுக்கி, அந்த ஓட்டையில் ஊசியைக் கோத்துத் தூக்கினால் வெட்டியவை விழும், மற்றவை தொங்கும்.

ஸ்வெட்டர் பின்னும் ஊசி வேண்டும் என்றார்கள். கம்பத்தில் ஸ்வெட்டருக்கு எங்கே போவது? மூட்டை தைக்கும் கோணி ஊசி வாங்கினேன்.

தலைமையாசிரியர் ஏசுதாசன் எட்டிப் பார்த்து, "கம்ப்யூட்டர் எங்கன சார் இருக்கு?" என்றார். ஊசியைக் காட்டினேன். போய்விட்டார்.

21 ஜூன்

முன் வரிசை பூமாரி எழுந்தாள். "சார், சத்தெல்லாம் போட்டாச்சு. சூடா குளுமையான்னு ஓட்டையே இல்லியே?"

விஞ்ஞானத்தில் அப்படி ஒன்று இல்லை என்றேன்.

"அது தெரியாம எங்க வீட்டுல எதையும் வாயில வைக்க விடமாட்டாக சார்."

வகுப்பே தலையாட்டியது. கரப்பான் பண்டம், அதாவது உடம்பில் அரிப்பு கிளப்புவது, அதற்கும் ஓர் ஓட்டை வேண்டுமாம். கண்டிப்பாக மறுத்துவிட்டேன்.

23 ஜூன்

சொர்ணத்தை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். எங்களுக்குத் தலைப்பிள்ளை, ஆறாம் மாதம். ரத்தம் ஏழுதான் இருக்கிறது. பத்துக்காவது வராவிட்டால் பிரசவத்தில் தாங்கமாட்டாள் என்றார் டாக்டரம்மா. "வாத்தியார்தானே நீங்க?" என்று வேறு கேட்டார். மாத்திரை எழுதினார். பஸ்ஸில் குலுங்கக் கூடாதாம். அதனால் மகளைப் பண்ணைப்புரத்துக்குக் கூட்டிப்போக வந்த அத்தை பாண்டியம்மாள் இங்கேயே தங்குகிறார்.

எங்க பவுனு அக்கா பிரசவத்துல போனதும் இப்படித்தான். ரத்தமில்ல ரத்தமில்லன்னாக — வண்டி கட்டிக் கொண்டுபோறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சுபோச்சு. எனக்குப் பயமா இருக்கு. வேற என்ன எழுத?

27 ஜூன்

அத்தை என்னோடு நேரில் பேசுவதில்லை. கல்யாணமான நாள்முதல் அப்படித்தான், மாப்பிள்ளைக்குக் கொடுக்கும் மரியாதை. கதவுக்குப் பின்னால் நின்று மகளிடம் சொல்வார். நான் கேட்டுக்கொள்ள வேண்டும்.

முருங்கைக்கீரை வாங்கி வந்தேன். "ஏத்தா, உம் புருசன்ட்டச் சொல்லு. மாசமா இருக்கவளுக்கு முருங்கை சூடு."

பேரீச்சம்பழமும் சூடு. எள்ளுருண்டை பேச்சே எடுக்கக் கூடாது. கருவாடு கரப்பான். புத்தகத்தில் நான் கோடு போட்டு வைத்தவை எல்லாம் அடிபட்டுப்போயின. சொர்ணம் சிரித்தாள். சிரித்ததற்கே மூச்சு வாங்கியது.

29 ஜூன்

மாத்திரை கறுப்பாக இருப்பதால் பிள்ளை கறுப்பாகப் பிறக்குமாம். அது செம்பருத்திச் செடிக்குப் போவதாகத் தெரிகிறது. செடி செழிப்பாக இருக்கிறது.

2 ஜூலை

சூட்டுக்கும் கரப்பானுக்கும் ஓட்டை போடச் சொன்னேன்.

"விஞ்ஞானத்துல இல்லைன்னீகளே சார்?" என்றாள் பூமாரி.

"போடு" என்றேன்.

உண்மையோ பொய்யோ, எங்கள் வீட்டில் வாய்க்குள் எது போகும் என்பதை அந்த ஓட்டைதான் முடிவு செய்கிறது. பிள்ளைகள் வீட்டில் கேட்டு வந்தார்கள். மாம்பழத்தில் பெரிய தகராறு இல்லை. வெங்காயத்தில் இரண்டு பையன்கள் சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். கைதூக்கச் சொல்லி முடித்தேன்.

5 ஜூலை

முதலில் இரும்பு. ஊசியைத் தூக்கியதும் ஒரு குவியல் விழுந்தது. அதை மட்டும் அள்ளி அடுக்கி, சூட்டு ஓட்டையில் கோத்தோம். சூடெல்லாம் விழுந்தது. தொங்கியதைக் கரப்பானில் கோத்தோம். கடைசியில் ஊசியில் நின்றவை இரண்டு: கம்பு, முளைக்கீரை.

பிள்ளைகள் கைதட்டினார்கள். யாருக்காகத் தேடினோம் என்று நான் சொல்லவில்லை.

7 ஜூலை

கீரை ஒரு கரண்டி அளவுக்கு ஏற்கப்பட்டது. கம்பு வாசலோடு நின்றுவிட்டது.

"கம்பு குளுமைதான், யாரு இல்லைன்னா? வாத்தியார் பொண்டாட்டி கூழு குடிக்கிறான்னு ஊரு சிரிக்காதா? சொல்லுத்தா அவருட்ட."

ஊர் சிரிப்பதற்கு நாங்கள் ஓட்டை போட்டிருக்கவில்லை.

8 ஜூலை, ஞாயிறு

அட்டைக் கட்டை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். சொர்ணத்துக்குக் காட்டுவதற்கு முன்னால் புதிதாக ஓர் அட்டை எழுதிச் சேர்த்தேன். 'ஆஸ்பத்திரி மாத்திரை.' இரும்பை வெட்டினேன். சூட்டை வெட்டவில்லை. மாத்திரை சூடு என்று எந்த வீட்டிலும் யாரும் சொன்னதில்லையே. விதிப்படி சரிதான். என்னைத் தவிர யாரும் கேட்கவில்லை.

மூன்று முறை கோத்துத் தூக்கினேன். மூன்று அட்டை ஊசியில் நின்றன. கதவுப் பக்கம் வளையல் சத்தம் கேட்டது. அத்தை எதிரிலேயே வந்து நின்றார்.

"மத்ததெல்லாம் உதுந்துபோச்சு. இத மட்டும் விடாமப் பிடிச்சுக்கிட்டா பாரு வீரபாண்டி ஆத்தா. கோயில்ல பூக்கட்டிப் போட்டுப் பாத்த மாதிரில்ல இருக்கு! உத்தரவு ஆயிருச்சுத்தா."

இது குறி இல்லை, வெறும் ஓட்டை, என்று சொல்ல வாயைத் திறந்தேன். சொர்ணத்தின் உதடு வெளுத்துக் கிடந்தது. மூடிக்கொண்டேன்.

9 ஜூலை

கம்பங்கூழ். மாத்திரையும்.

4 ஆகஸ்ட்

ரத்தம் எட்டரை.

11 ஆகஸ்ட்

கூழைப் பற்றிக் கேட்கிறவர்களிடமெல்லாம், ஆத்தா உத்தரவு என்று அத்தை சொல்லிவிட்டார். யாரும் சிரிக்கவில்லை. மேலத்தெரு ஜக்கம்மா மட்டும் வெற்றிலை பாக்கோடு வந்து, காணாமல் போன ஆட்டை ஊசியிடம் கேட்கச் சொன்னார். ஆட்டுக்கறிக்குத்தான் அட்டை இருக்கிறது, ஆட்டுக்கு இல்லை என்றேன். வருத்தத்தோடு போனார். விஞ்ஞான ஆசிரியர் வேலைக்கு எனக்குத் தகுதி இருக்கிறதா?

8 செப்டம்பர்

பத்து. டாக்டரம்மா இரண்டு தடவை பார்த்தார். ஆஸ்பத்திரி வேப்பமரத்தடியில் நின்று கொஞ்ச நேரம் அழுதேன்.

25 செப்டம்பர்

பெண். தாயும் பிள்ளையும் சுகம். செம்பருத்தி வாடிவிட்டது.

2 அக்டோபர்

பள்ளி விடுமுறை. மனசு கேட்காமல் சொர்ணத்திடம் எல்லாம் சொல்லிவிட்டேன். அது ஆத்தா உத்தரவு இல்லை, மாத்திரை அட்டை நான் நுழைத்தது, அம்மாவை ஏமாற்றிவிட்டேன் என்று.

"அம்மாவுக்குத் தெரியாதுன்னா நெனச்சீக?" என்றாள். "அந்த அட்டையில மையே காயலைடின்னு அன்னைக்கே சொன்னாக. வாத்தியார் பொண்டாட்டிக்குக் கூழு ஊத்த ஊருக்கு ஒரு காரணம் வேணும்ல. ஆத்தா சொன்னான்னா எவ வாயத் தொறப்பா?"

14 அக்டோபர், ஞாயிறு

சாப்பிட்டு உட்கார்ந்திருந்தேன். அத்தை அட்டைக் கட்டையும் கத்தரிக்கோலையும் எடுத்துவந்து எனக்கு எதிரில் தரையில் உட்கார்ந்தார். மகளைப் பார்த்துப் பேசினார்.

"பால் ஊறணும். பச்சப்பிள்ளைக்குச் சளி பிடிக்கக் கூடாது. இதுக்கு ரெண்டு ஓட்டை புதுசா வேணும்."

குறி கேட்க வருகிறவர்கள் கேள்வியோடு வருவார்கள். ஓட்டையோடு வருவதில்லை. நான் ஒவ்வோர் அட்டையாகப் பேர் படித்தேன். அவர் தொட்டிலை ஆட்டிக்கொண்டே "வெட்டச் சொல்லு", "அது கெடக்கட்டும்" என்றார். பூண்டு, வெட்டு. கருவாடு, வெட்டு. கருவாடு கரப்பான் ஆயிற்றே என்றேன் சொர்ணத்திடம். பெற்றவளுக்கு அது பாலாம். இரண்டும் உண்மையாக இருக்கலாம், அதற்குத்தானே தனித்தனி ஓட்டை என்று பதில் வந்தது. இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிப் புரியவைக்க எனக்கு ஒரு மாதம் ஆனது.

வெட்டி முடித்து, அடுக்கி, கோத்துத் தூக்கினேன். கை கொஞ்சம் சாய்ந்தது. விழவேண்டிய பூண்டு மாட்டிக்கொண்டது.

"மாப்ள, ஊசிய நேராப் பிடிங்க" என்றார் அத்தை.

சொர்ணம் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தாள், பிறகு என் முகத்தை. நேராகப் பிடித்தேன்.