பிலோமிக்காகக் கட்டின தொட்டில்

சேசு மரி சூசை துணை

சாந்தோம், மயிலாப்பூர்
1934, மாசி மாசம்

கண்ணு பிலோமினாவுக்கு அம்மா எழுதறது. இங்க நானும் உங்க நைனாவும் தம்பி லாசரும் மாதா புண்ணியத்துல சொகமா கீறோம், ரங்கூன்ல நீயும் மாப்பிள்ளையும் சொகமா கீறீங்கன்னு சேதி வந்தா வவுறு குளிரும். எப்பவும் கோயில் உபதேசியார்தான் நம்ம வூட்டுக் கடுதாசி எழுதுவாரு, இந்தத் தடவை நானே எழுதறேன், கன்னியாஸ்திரிங்க பள்ளிக்கூடத்துல மூணாங்கிளாசு படிச்சது இன்னிக்குத்தான் ஒதவுது. எழுத்து கோணலாத்தான் கீது, சிரிக்காதே. இந்தச் சேதிய அவருகிட்ட சொல்லி எழுத வெக்க எனக்கு வாய் வரல. நீயும் தனியா ஒக்காந்து படி, பக்கத்து வூட்டுக்காரிக்குப் படிச்சிக் காட்டாதே.

சேதி இதான், எனக்கு அஞ்சு மாசம். நீ சரியாத்தான் படிச்சே. நாப்பத்தஞ்சு வயசுல உங்கம்மா புள்ளத்தாச்சியா நிக்கறா. மாதா பொறந்த நாள் திருநாள் முடிஞ்சதுக்கு அப்புறம் நான் தூரமாவல, சரி வயசாச்சி நின்னு போச்சி, தொல்லை வுட்டுச்சின்னு சந்தோசமாத்தான் இருந்தேன். அப்புறம் கூடையத் தூக்கினா கொமட்டிகினு வர ஆரம்பிச்சிது. பொறந்ததுலேர்ந்து மீன் கவுச்சியிலயே வளந்தவளுக்கு மீனக் கண்டா ஆவல, கூத்தப் பாரு. வாயுன்னு நெனச்சி ஓமத்தண்ணியா குடிச்சிக் கெடந்தேன். நான் வாடிக்கையா மீன் கொண்டு போடற ராயப்பேட்டை கைசர் ஜஹான் அம்மா, எட்டு பெத்தவங்க, வஞ்சிரத்துக்குச் செவுள் தூக்கிப் பாத்துகினே என்னையும் ஒரு தடவை பாத்தாங்க, தோமையம்மா இது வாயு இல்ல, போயி டாக்டர்கிட்ட காட்டுன்னு சொன்னாங்க. நான் விழுந்து விழுந்து சிரிச்சேன். கோஷா ஆஸ்பத்திரில டாக்டரம்மா பாத்துட்டுச் சொன்னப்புறம் சிரிப்பு வரல. லாசரப் பெத்தப்ப எனக்கு ரத்தம் நிக்காமப் போனதையெல்லாம் கேட்டாங்க. இந்த வயசுல வூட்டுல பெத்துக்கக் கூடாது, வலி கண்டதும் ஆஸ்பத்திரிக்கு வந்துடணும், கூடை தூக்கவே கூடாதுன்னு கண்டிச்சி அனுப்பிச்சாங்க. தபசு காலம், ஈஸ்டர் வரைக்கும் கறிய வுட்டவங்கல்லாம் மீனுக்கு வந்து நிக்கற நேரம் பாத்து நான் வூட்டுல குந்திகினு கீறேன். கூடைய, மார்க்கெட்டுல என் பக்கத்துல குந்தற பச்சையம்மா எடுத்துகினு போறா, அவ கை கொஞ்சம் நீளம், இருந்தாலும் இன்னா பண்றது.

உங்க நைனாகிட்ட சொன்னப்ப வலை பின்னிகினு இருந்தவரு ஊசிய வெச்சிட்டுக் கடலையே பாத்துகினு ஒக்காந்துட்டாரு. அப்பால மீசைக்குள்ள ஒரு சிரிப்பு. எனக்கு வந்த எரிச்சல்ல அந்த ஊசியாலயே குத்தலாம்னு இருந்துச்சி. லாசர் என் மூஞ்சப் பாக்கறதில்ல, கூட்டாளிங்க கேலி பண்றானுங்களாம், சோத்த வாரி முழுங்கிட்டு ஓடிடறான். மார்க்கெட்டுல இவளுங்க பேசற பேச்ச எழுதினா கடுதாசி நாறிடும். பச்சையம்மா மொதல்லயே என் காதுல வந்து, வேணான்னா சொல்லு, மருந்து கீதுன்னா. வெக்கத்துல ஒரு நாள் முழுக்க நானும் அத நெனச்சிகினுதான் கெடந்தேன், பொய் சொல்லுவானேன். அப்புறம் வேணான்னுட்டேன்.

இப்பதான் எழுதக் கஷ்டமான சங்கதி வருது. போன வருசம் ஒன் கல்யாணப் பொடவைல ஒரு முழம் கிழிச்சி அனுப்பச் சொன்னேனே, நீயும் அனுப்பினியே. அதத் தொட்டிலாத் தச்சி, அந்த மாதா திருநாளுக்கு மொதநாள் ஒரு வேளை மட்டும் தின்னு ஒருசந்தி இருந்து, மாதா கோயில்ல என் கையாலயே கட்டினேன். யாருக்குப் புள்ள வேணுமோ அவதான் தன் கையால கட்டணும், இல்லன்னா அவ பேரைச் சொல்லி வேற வூட்டுக்காரி யாராவது கட்டணும், பெத்தவ கட்டக் கூடாதுன்னு கெழவிங்க சொல்லுவாங்க. எனக்குத் தெரியும். ஆனா எம்பொண்ணுக்கு நான் கட்டாம எவ கட்டுவான்னு ரோசத்துல கட்டிட்டேன். இப்ப குப்பமே சொல்லுது, கட்டின கைய மாதா பாத்தாங்க, ஆளப் பாக்கலன்னு. ஏழு வருசமா நீ அழுதுகினு கீறே, வரம் எனக்கு வந்து நிக்குது. இத நெனச்சா எனக்குச் சோறு எறங்கலம்மா. வேற எவளாவது ஒனக்கு எழுதறதுக்கு முன்னால நானே எழுதணும்னுதான் இந்தக் கோணல் எழுத்து.

போன ஞாயித்துக்கெழம ஒன் மாமியா காசிமேட்டுலேர்ந்து பழத்தட்டோட வந்தாங்க. மாதா பிலோமிக்காகத்தான் அனுப்பிச்சிருக்காங்க, பெத்து அவ கைல குடுத்துடுங்க சம்பந்தி, ஞானஸ்நானம் முடிஞ்சதும் கப்பல்ல அனுப்பிடலாம்னு கேட்டாங்க. கெட்ட மனசுல கேக்கல, ஒம்மேல ஆசையிலதான் கேட்டாங்க. உங்க நைனா அந்த நிமிசமே தலைய ஆட்டிட்டாரு. வயசான காலத்துல இன்னொன்ன வளக்க நம்மால ஆவுமா, அங்க போனா ராசாவா வளரும்னு சொல்றாரு. அவரு சொல்றதுல தப்பில்ல. நானும் சரின்னு சொல்ல வாயத் தொறந்தேன், அப்பப் பாத்து உள்ள அது ஒரு ஒதை வுட்டுச்சி. அதுவரைக்கும் புழு நெளியற மாதிரிதான் இருந்துச்சி, இது நல்ல ஒதை. வாய மூடிக்கினேன். எழுந்து போயி கொழம்பு கொதிக்குதான்னு பாத்தேன். ஒன் மாமியாருக்குக் கோவம், காப்பி குடிக்காமப் போயிட்டாங்க. ஒனக்கு நேரா எழுதறதா சொல்லிட்டுப் போயிருக்காங்க.

அந்தக் கடுதாசி வந்தா அவசரப்பட்டுப் பதில் போடாதே. மொதல்ல எனக்கு எழுது. கோவம்னா கோவம்னு எழுது, அம்மாவா இது வெக்கமில்லாதவன்னு திட்டணும்னாலும் திட்டி எழுது, எதுவும் எழுதாம மட்டும் இருந்துடாதே. மாப்பிள்ளைய ஒரு நல்ல டாக்டரா பாத்து ஒன்னயும் கூட்டிகினு போவச் சொல்லு, அவரையும் காட்டிக்கச் சொல்லு, கொறை பொம்பளகிட்டதான் இருக்கணும்னு எவன் சொன்னான். நேரத்துக்குச் சாப்புடு.

டாக்டரம்மா மூஞ்சிய நான் பாத்தேன், ஆனி மாசம் பெத்துக்கறப்ப எனக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிடலாம். அப்படி ஆச்சின்னா யார் பேச்சையும் கேக்காதே, மொத கப்பல்ல வந்து புள்ளைய எடுத்துக்கோ, அது ஒன்னுது. ஒந்தம்பியோ தங்கச்சியோன்னு வளக்காதே, ஒம்புள்ளன்னே வளத்துடு. ஆனா நான் உசிரோட கீற வரைக்கும் அதக் கேக்காதம்மா. நீ கேட்டா என்னால இல்லன்னு சொல்ல முடியாது, எடுத்துக் குடுத்துடுவேன்.

ஒனக்கும் மாப்பிள்ளைக்கும் மாதாவோட ஆசீர்வாதமும் எங்க ரெண்டு பேரோட ஆசீர்வாதமும் எப்பவும் உண்டு.

ஒன் அம்மா,
மி. தோமையம்மாள்