திரையில் தெரிந்த கால்விரல்

வாசலூர்பட்டி,
வெகுதானிய வருஷம் பங்குனி மாதம் 4ஆம் நாள்.

என் கண்ணு சின்னுசாமிக்கு, அம்மா வாயால் சொல்ல சேந்தமங்கலம் பள்ளிக்கூடத்து டிராயிங் வாத்தியார் அருணாசலம் கையால் எழுதுவது. அறப்பளீசுவரர் புண்ணியத்தில் இங்கே நானும் உன் தங்கச்சி சென்னம்மாளும் அவள் பிள்ளைகள் இரண்டும் மாடு கன்றும் சுகம். அங்கே கண்டிச் சீமையில் நீயும் மருமகள் ராமாயியும், நான் இன்னும் முகம் பார்க்காத என் பேத்தியும் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்கிறீர்கள் என்று சேதி வந்தால்தான் எனக்குச் சோறு இறங்கும். தோட்டத்து மழையில் நனைந்துகொண்டு நிற்காதே, குழந்தையை ஈரத் தரையில் கிடத்தாதே என்று மருமகளிடம் சொல். இந்த வருஷம் மிளகு நன்றாகப் பிடித்தது, ஒரு சின்ன மூட்டை கட்டி வைத்திருக்கிறேன், அந்தப் பக்கம் போகிற ஆள் கிடைத்தால் கொடுத்தனுப்புகிறேன். சாமையைப் பாதிக்கு மேல் காட்டுப்பன்றி உழப்பிவிட்டது, அது போகட்டும், மீந்தது எங்களுக்குப் போதும்.

போன கடிதத்தில் நீ ஒரு வார்த்தை எழுதியிருந்தாய். ஏழு வருஷம் ஆகிவிட்டது, செங்கோடன் செய்ததை நான் மறந்துவிட்டேன், நீயும் விட்டுவிடு அம்மா என்று. அதை வாத்தியாரை இரண்டு தரம் படிக்கச் சொல்லிக் கேட்டேன். நான் விடவில்லை சாமி. செய்ய வேண்டியதைச் செய்துவிட்டேன், அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். வாத்தியார் அந்தக் காலத்தில் இந்தப் பக்கம் இல்லாதவர், அவருக்கும் விளங்கட்டும் என்று முதலிலிருந்தே சொல்கிறேன். காட்டில் பொறுக்கும் கடுக்காயை எல்லாம் குத்தகைக்காரன் செங்கோடனிடம்தான் போட வேண்டும் என்று இருந்த நாளில், செம்மேட்டுச் சந்தையில் நம் மூட்டை மூன்று வாரமும் எடை குறைந்தது. நீ நேராக அவனைப் பார்த்து, உங்க காலைக் கொஞ்சம் பின்னால எடுங்க, அப்புறம் நிறுங்க என்றாய். அவ்வளவுதான் நீ செய்த குற்றம். அன்று சாயங்காலமே அவன் கிடங்கிலிருந்து ஒரு மூட்டையை நீ திருடினாய் என்று ஆள் விட்டுப் பிடித்து, சந்தை நடுவில் கட்டிவைத்துப் பாதித் தலையைச் சிரைத்துவிட்டான். சந்தையில் இருந்த சனம் ஒன்றும் வாயைத் திறக்கவில்லை. நான் அவன் வீட்டு வாசலுக்குப் போய்க் கூப்பிட்டேன், உள்ளே பேச்சுக் குரல் கேட்டது, கதவு திறக்கவில்லை. நீ கப்பலேறிய மறு வருஷம் உன் அப்பா போய்ச் சேர்ந்தார். காய்ச்சல் என்று ஊரில் சொன்னார்கள். கடைசி வாரத்தில் அவர் என்னிடம், நிசமாவே அவன் எடுக்கலீல்ல என்று கேட்டார். பெற்ற அப்பனையே அப்படிக் கேட்க வைத்தானே, அதை நான் எங்கே கொண்டு வைப்பது.

போன ஐப்பசியில் இந்த வாத்தியாரும், சேந்தமங்கலத்து ஜவுளிக்கடை ஜாபர் அலி மகன் ஹபீப் ரஹ்மானும் மலைக்கு ஏறி வந்தார்கள். மதராஸில் ஒரு துரை சீமைக்குத் திரும்பும்போது விட்டுப்போன படம் பிடிக்கிற பெட்டி ஒன்று இரண்டு வருஷமாக ஹபீப் கையில் இருந்தது. கம்பெனி இல்லை, முதலாளி இல்லை, கூத்தாடி இல்லை, இரண்டு பேருமாகவே கொல்லிமலையைப் படமாக எடுக்கப் போகிறோம் என்றார்கள். நம் வீட்டில்தான் பதினோரு நாள் தங்கினார்கள். ராகிக் களியை ஹபீப் முதல் நாள் தொண்டையில் வைத்துக்கொண்டு முழித்ததைப் பார்த்து நான் எத்தனையோ நாளைக்குப் பிறகு சிரித்தேன். உழவு, மிளகுக் கொடி, அருவி, நான் தண்ணீர் தூக்குவது, எல்லாம் எடுத்தார்கள். செங்கோடனுக்குச் சேதி போயிற்று. தன்னையும் எடுக்க வேண்டும் என்று அவனே ஆள் அனுப்பினான். சரிகை வேட்டி கட்டி வந்து தராசுக்குப் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, நிறுக்கிற மாதிரி புடிங்க என்றான். ஹபீப் தராசுத் தட்டு வானத்தில் தெரிய வேண்டும் என்று தரையில் குப்புறப் படுத்துக்கொண்டு எடுத்தான். நின்றுகொண்டு பார்க்கிற யாருக்கும் தெரியாதது அந்தப் பெட்டிக்குத் தெரிந்துவிட்டது, அப்போது அது எங்களில் ஒருவருக்கும் தெரியாது.

தை மாதம் சேந்தமங்கலத்தில் பொருட்காட்சி வைத்தார்கள். அதில் ஒரு கொட்டகையில் மூன்று நாள் படவிழா, கம்பெனி ஆள்கள் இல்லாமல் சொந்தமாகப் படம் எடுத்தவர்கள் மட்டும் கொண்டுவந்து காட்டலாம், நல்ல படத்துக்கு வெள்ளிக் கோப்பை என்று தண்டோரா போட்டார்கள். கோப்பை கொடுக்கிறவன் செங்கோடன், விழாக் கமிட்டிக்குத் தலைவனும் அவன்தான். நான்கு படம் வந்தது. சேலத்து டாக்டர் ஒருவர் தன் மகள் கல்யாணத்தை எடுத்திருந்தார், அதில் பாதி நேரம் பந்திதான். ஈரோட்டு ரயில்வே குமாஸ்தா ஒருவர் ரயிலைத் தவிர வேறொன்றும் எடுக்கவில்லை. கரூர்க்காரர் ஒருவர் தறி நெய்வதை எடுத்திருந்தார், அது நன்றாக இருந்தது. நாலாவது நம் பிள்ளைகள் படம். பேசாத படம் ஆனதால் திரைக்குப் பக்கத்தில் ஒருவர் நின்று இது இன்னது என்று சொல்ல வேண்டும். மலையைப் பற்றி மலைக்காரி சொன்னால்தான் எடுபடும் என்று ஹபீப் என்னைக் கூப்பிட்டான்.

விழாவுக்கு முதல் நாள் கொட்டகையில் ஓட்டிப் பார்த்தார்கள். லாரி எஞ்சினில் டைனமோ மாட்டி விளக்கு எரிந்தது. துணியில் நம் மலை ஆடி அசைந்து வந்ததும் எனக்குக் கை கால் எல்லாம் சிலிர்த்தது, அது வேறு. கொஞ்ச நேரத்தில் செங்கோடன் வந்தான், தராசு வந்தது, நம் ஊர்ப் பெண் ஒருத்தி மூட்டையைத் தட்டில் வைத்தாள். வேட்டி விளிம்புக்குக் கீழிருந்து ஒரு கால் நகர்ந்து வந்தது. கட்டைவிரல் சரக்குத் தட்டின் அடியில் நுழைந்து மெதுவாகத் தூக்கியது. நீ சொன்ன அதே கால் சாமி. ஓர் ஆள் உயரத் துணியில் அந்த விரல் பூசணிக்காய் அத்தனை பெரிதாக இருந்தது. நிறுத்துங்க நிறுத்துங்க என்று கத்தினேன், நிறுத்தினால் விளக்குச் சூட்டில் பிலிம் கருகிவிடும் என்றான் ஹபீப். திரும்பச் சுற்றி இன்னொரு தரம் காட்டினான். அப்போதுதான் அவனும் பார்த்தான். அந்தத் துண்டை வெட்டி எடுத்துவிடலாம் என்றான். வெட்டினால் நான் நாளைக்குப் பேச மாட்டேன் என்றேன். ஹபீப் என் கையைப் பிடித்துக்கொண்டு, அம்மா, ரெண்டு வருசமா இதுக்கே கெடக்கறமுங்க, கோப்பை அவரு கையில இருக்குது, எங்களக் கெடுத்துப் போடாதீங்க என்றான். அப்படியே இருக்கட்டும் கண்ணு, கடுக்கா நிறுக்கறாங்கன்னு மட்டும் சொல்றேன், யாரு கவனிக்கப் போறாங்க என்று வாக்குக் கொடுத்தேன். கொடுக்கும்போதே அதைக் காப்பாற்றப் போவதில்லை என்று எனக்குத் தெரியும். இதை எழுத வாத்தியார் தயங்குகிறார். எழுதுங்கள் என்று சொல்கிறேன்.

மறுநாள் விளக்கு வைக்கிற நேரம். கொட்டகை கொள்ளாத கூட்டம், மலையிலிருந்தே நூறு பேருக்கு மேல் இறங்கி வந்திருந்தார்கள். முன் வரிசை நாற்காலியில் செங்கோடன், பக்கத்தில் மாற்றலாகிப் புதிதாக வந்த காட்டிலாகா ரேஞ்சர், அவரை மாலை போட்டு அழைத்து வந்தவனும் செங்கோடனே. நான் உழவைச் சொன்னேன், மிளகுக் கொடியைச் சொன்னேன், சனம் கை தட்டியது. தராசு வந்தது. இந்த ஆளு செங்கோடன், இது தராசு, சரக்குத் தட்டுக்கு அடியில பாருங்க, வேட்டிக்குக் கீழ, அது என்னன்னு நான் சொல்ல மாட்டேன், நீங்களே சொல்லுங்க என்றேன். நம் மலை அரியூர் நாட்டுக்காரி ஒருத்தி பின்னாலிருந்து, கால் வெரலு என்றாள். அவ்வளவுதான், கொட்டகை முழுக்கச் சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. எம் மகன் சின்னுசாமி ஏழு வருசத்துக்கு முன்ன இதத்தான் சொன்னான், அதுக்குத்தான் அவன் தலையச் செரச்சாங்க, நீங்க எல்லாரும் பாத்துக்கிட்டு இருந்தீங்க என்றேன். அதோடு சிரிப்பு அடங்கியது. அதற்குள் படம் அருவிக்கு வந்துவிட்டது. செங்கோடன் எழுந்து, அது வெறும் நெழலு, பொய்யி, மெசின நிறுத்துடா என்று சத்தம் போட்டான். ரேஞ்சர் உட்கார்ந்தபடியே, அந்தத் துண்டை இன்னொரு தடவை ஓட்டுங்க என்றார். ஹபீப் என்னை ஒரு பார்வை பார்த்தான். பிறகு திரும்பச் சுற்றினான். செங்கோடன் ஓடிப்போய்த் திரைக்கு முன்னால் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றான். படம் அவன் வெள்ளைச் சட்டையில் விழுந்தது. அவன் நெஞ்சின் மேலேயே அவன் கால்விரல் தட்டைத் தூக்கியது. நூறு வருஷம் இருந்தாலும் அதை நான் மறக்க மாட்டேன். கண்ணைக் கூடச் சிமிட்டாமல் பார்த்தேன்.

கோப்பை ரயில் குமாஸ்தாவுக்குப் போயிற்று. ரேஞ்சர் விசாரணைக்கு வேண்டும் என்று அந்தத் துண்டை வெட்டி வாங்கிக்கொண்டு போனார், திரும்பி வராது போலிருக்கிறது, இப்போது படத்தில் அந்த இடம் பொத்தலாக இருக்கிறது. ஹபீப் மூன்று வாரம் என்னோடு பேசவில்லை. அவன் தாய் தாஹிரா பீவிதான் என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்துச் சோறு போட்டாள், போட்டுக்கொண்டே, எம் புள்ள அழுதான், தெரியுமா ஆத்தா என்றாள். தெரியும் என்றேன். அப்புறம் அவனே வந்து, நீங்க என்னய ஏமாத்திட்டீங்கம்மா என்றான். ஆமா கண்ணு, ஏமாத்திட்டேன் என்றேன். நான் இல்லை என்று சாதிப்பேன் என நினைத்து வந்திருப்பான் போல, ஒரு சொம்புத் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தான். இந்த ஒரு விஷயத்தில்தான் எனக்கு நெஞ்சு உறுத்துகிறது.

மற்றதில் இல்லை. விசாரணை தொடங்கியதும் செங்கோடன் நம் வீட்டுக்கு வந்தான். முன்பெல்லாம் ஏ புள்ள என்று கூப்பிட்டவன், ஏனுங்க ஆத்தா என்றான். அவன் கூடவே பெண்டாட்டியும் அழுதுகொண்டு வந்தாள். தண்ணீர் கொடுத்தேன், உட்காரச் சொல்லவில்லை. கண் மங்கலாக இருக்கிறது, அது காலா நிழலா தெரியவில்லை என்று நான் ஒரு வார்த்தை ரேஞ்சர் ஆபீசில் சொல்லிவிட்டால் குத்தகை தப்பிக்குமாம். எம் மகன் திருடலன்னு சந்தையில நின்னு சொல்லுங்க, அப்புறம் பாக்கலாமுங்க என்றேன். வந்தான். செம்மேட்டுச் சந்தையில், பகலில், அத்தனை பேர் நடுவில் நின்று வாய்க்குள்ளேயே சொன்னான். அந்தக் கோடியில ராகி விக்கறவளுக்குக் கேக்கலீங்க, ஒரக்கச் சொல்லுங்க என்றேன். சின்னுசாமி திருடல, நாந்தான் பொய் சொன்னேன் என்று கத்திச் சொன்னான். மூன்றாம் நாள் நான் ஆபீசுக்குப் போய், கண்ணு நல்லாத் தெரியுதுங்க, அது காலுதான் என்று சொல்லிவிட்டு வந்தேன். பாக்கலாம் என்றுதான் சொன்னேன், மாத்திச் சொல்லுகிறேன் என்று சொல்லவில்லையே. குத்தகை போய்விட்டது. இப்போது அவன் சந்தைப் பக்கம் வந்தால் பெண்கள் எல்லாம் முகத்தைப் பார்ப்பதில்லை, குனிந்து காலைப் பார்க்கிறார்கள். பூட்ஸ் போட ஆரம்பித்திருக்கிறான். வாத்தியார், இது கொஞ்சம் அதிகம் அம்மா என்கிறார். இருக்கட்டும். அதிகம் எது, குறைச்சல் எது என்று உன் அப்பா உயிரோடு இருந்தால் அவரிடம் கேட்டிருப்பேன். வயிறு நிறைந்ததா என்று கேட்டால், இன்னும் இல்லை சாமி.

நான் செய்தது சரியில்லை என்று எழுத நினைத்தால் எழுத வேண்டாம், வாத்தியார் படிக்க, நான் கேட்க, அது எனக்கு ஆகாது. நம் மலைத் தெய்வம் பெரியசாமி உன்னையும் மருமகளையும் குழந்தையையும் ஒரு குறை இல்லாமல் வைத்திருக்கட்டும், உன் கை பட்டது எல்லாம் துளிர்க்கட்டும். தோட்டத்தில் லீவு கேட்டு வைகாசிக்குள் வந்து சேர். ஒன்று மட்டும் நினைவில் வை. அன்று நீ யார் கண்ணிலும் படாமல் முள்ளுக்காட்டு ஒற்றையடிப் பாதையில் இறங்கிப் போனாய். வரும்போது அந்த வழியாக வராதே. அடிவாரத்துக் காரவள்ளியில் சந்தை நாள் வரைக்கும் தங்கு, அன்றைக்கு விடிந்ததும் ஏறு, நல்ல வேட்டியாகக் கட்டிக்கொண்டு குழந்தையைத் தோளில் வைத்துக்கொண்டு செம்மேட்டுக் கடைவீதி நடுவில் நட. யாராவது கூப்பிட்டால் நில், பேசு, அவசரப்படாதே. நான் கடைவீதிக் கடைசியில் நிற்கிறேன்.

உன் வரவுக்குக் காத்திருக்கும் அம்மா
மாதம்மாள்
(இடது கைப் பெருவிரல் ரேகை)