கேமராவுக்கு முதுகு காட்டிய அக்காவுக்கு

அக்கா,

இன்று காலை ஆரப்பாளையத்தில் ஒரு நாட்டு மருந்துக்கடையைத் தாண்டும்போது அதிமதுர வாசனை வந்தது. மைக்கைப் பிடிக்கும் முன் கன்னத்தில் ஒரு துண்டை ஒதுக்கிக்கொள்வீர்களே, அந்த வாசனை. கடைக்காரர் "என்னண்ணே வேணும்?" என்று கேட்கும்வரை அங்கேயே நின்றிருந்தேன்.

ஆரப்பாளையம் பேருந்து நிலையத்தில்தான் உங்கள் குரலை முதலில் கேட்டேன். திண்டுக்கல் பஸ் புறப்படுவதையும், காணாமல் போன பிள்ளையின் சட்டை நிறத்தையும் ஒரே நிதானத்தோடு அறிவிப்பீர்கள். பிறகு உள்ளூர் கேபிள் டிவியில் சமையல் நிகழ்ச்சி நடத்தினீர்கள். அப்புறம்தான் குடும்பச் சண்டைகளைப் பேசித் தீர்க்கும் அந்த நிகழ்ச்சி. தெருவில் போனால் உங்களைச் சுற்றிக் கூட்டம் கூடியது. நான் உங்கள் கேமராக்காரன்.

சமயநல்லூரிலிருந்து ஓர் அப்பாவும் மகளும் வந்த அன்று நேரடி ஒளிபரப்பு. புருஷன் வீட்டிலிருந்து திரும்பிவந்த மகள் காரணம் சொல்லவில்லையாம். "நீங்களே கேளுங்கம்மா, எங்கிட்ட வாயத் தொறக்க மாட்டேங்கிறா" என்றார் அவர். அந்தப் பெண் சொல்ல வாயெடுத்தாள். அழுகைதான் வந்தது. என் காதிலிருந்த ஹெட்போனில், மாடியிலிருந்து டிவி முதலாளியின் குரல்: "மூஞ்சிக்குக் கிட்டப் போ! விட்றாத!"

அதே உத்தரவு உங்கள் காதிலும் விழுந்திருக்கும். எழுந்தீர்கள். அவளுக்கும் கேமராவுக்கும் நடுவில் வந்து, எனக்கு முதுகைக் காட்டி நின்றீர்கள். முந்தானையால் அவள் முகத்தைத் துடைத்துவிட்டு அப்பாவிடம் திரும்பினீர்கள்.

"ஏண்ணே, ஊரு முன்னாடி சொன்னாத்தான் ஒங்க மகள நம்புவீங்களா?"

அவர் தலை குனிந்தது. எழுந்துவந்து, "வாத்தா, வீட்டுக்குப் போவோம்" என்று மகளின் கையைப் பிடித்தார். நான் கேமராவை அசைக்கவில்லை. ஊரே உங்கள் முதுகைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது.

அன்றே நம் இருவருக்கும் வேலை போயிற்று. படியிறங்கும்போது, "இனி என்னக்கா செய்யப் போறீங்க?" என்றேன்.

"வாய் இருக்குல்ல தம்பி. மைக்கு எங்கயாச்சும் கெடைக்கும்."

கிடைத்தது. கல்யாண மண்டபங்களில், கோயில் திருவிழாக்களில், கடைசியாகச் சின்ன வானொலி ஒன்றின் மதிய நிகழ்ச்சியில். வயல் வேலைக்கு நடுவே போன் போட்ட பெண்கள், "ஒங்ககிட்டப் பேசுனா அம்புட்டும் எறங்கிருதுக்கா" என்பார்கள். தொண்டையில் அறுவை சிகிச்சை முடிந்து பேச்சு நின்ற பிறகும், உங்களைப் பார்க்க வந்துகொண்டேதான் இருந்தார்கள். அவர்கள் பேசப் பேச நீங்கள் தலையாட்டுவீர்கள். போன மாசியில் நீங்கள் போனதோடு அதுவும் நின்றது.

நேற்று விளாங்குடியில் ஒரு கல்யாணத்துக்கு வீடியோ எடுக்கப் போயிருந்தேன். சாப்பாட்டுக்கூடத்தின் பின்னால் பெண்ணின் அம்மா தனியே அழுதுகொண்டிருந்தார். மாப்பிள்ளையின் தம்பி ஓடிவந்து, "அண்ணே, அத எடுங்கண்ணே, ரீல்ஸுக்குச் சூப்பரா இருக்கும்" என்றான். கேமராவை நிறுத்தி, தோளிலிருந்து இறக்கினேன். அந்தம்மாவுக்குத் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

நெடுநேரம் பேசினார், அக்கா. எதையும் நான் பதிவு செய்யவில்லை.