செப நேரத்து விக்கல்

அன்புள்ள அம்மாவுக்கு,

ஆண்டவர் துணையால் நான் நலம். உங்கள் முழங்கால் வலி தேவலையா? இந்த வாயாடி மடத்தில் மூன்று நாள் தாங்கமாட்டாள் என்றீர்களே, மூன்று மாதம் முடிந்துவிட்டது!

போன திங்கட்கிழமை மாலை மௌன செபத்தில் எனக்கு விக்கல் பிடித்துக்கொண்டது. ஈ பறந்தால்கூடக் கேட்கும் அமைதி. நாற்பது சகோதரிகள் நடுவில் நான் மட்டும் தவளை மாதிரி. மூச்சை அடக்கிப் பார்த்தேன், நிற்கவில்லை. பக்கத்துச் சகோதரியின் தோள் சிரிப்பில் குலுங்கியது. வெளியே வந்ததும் மதர் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"யாரோ உன்னை நினைக்கிறாங்க போல."

"எங்க அம்மாவாத்தான் இருக்கும், மதர்."

"அப்போ செப நேரத்துல வேண்டாம்னு அவங்களுக்கு எழுதிப் போடு!"

ஆகவே அம்மா, மாலை ஐந்தரையிலிருந்து ஆறரை வரை தயவுசெய்து என்னை நினைக்காதீர்கள். சாப்பாட்டுக்குப் பிறகு அரைமணி நேரம் நாங்கள் பேசலாம், அப்போது தாராளமாக நினையுங்கள். கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி அனுப்புங்கள், கோயில் தரை சில்லென்று இருக்கிறது.

மணி அடித்துவிட்டது, ஓட வேண்டும். ஒன்று மட்டும். இந்தக் கடிதம் இன்னும் உங்கள் கைக்கே வரவில்லை, அதற்குள் ஐந்து நாளாக விக்கலே இல்லை. உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது, அம்மா?

உங்கள் வாயாடி