கடைசிப் பிழிவு

கேப் டவுன்
6 மே 1998

அன்புள்ள லெட்டி,

நலம்தானே? உன் வீட்டுக்காரர் பீட்ரஸின் முதுகுவலி எப்படி இருக்கிறது? மூன்று வருடமாகக் கிறிஸ்துமஸ் அட்டை தவிர ஒரு வரி எழுதாதவள் இன்று பக்கம் பக்கமாக எழுதுகிறாளே, என்ன காரியமோ என்று யோசிப்பாய். சரியாகத்தான் யோசிக்கிறாய்.

எனக்கு ஒரு புத்தகம் எழுதக் கிடைத்திருக்கிறது, லெட்டி! நம் பள்ளத்தாக்கைப் பற்றி. எங்கே சாப்பிடலாம், எங்கே குடிக்கலாம், எங்கே சுற்றிப் பார்க்கலாம் என்று வெளியூர்க்காரர்களுக்குச் சொல்லும் கையேடு. பதினோரு வருடம் பத்திரிகை ஆபீசில் அடுத்தவர் எழுதியதைத் திருத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். முதல் முறையாக அட்டையில் ஷரோலீன் யாஃப்தா என்று என் பெயர் வரப்போகிறது. பதிப்பாசிரியர் சொல்லிவிட்டார்: "பெரிய பண்ணைங்களைப் பத்தி எல்லாரும் எழுதித் தள்ளிட்டாங்க. நீ அங்க பொறந்தவ. வேற யாருக்கும் தெரியாததைக் கொண்டு வா."

ஸ்வால்நெஸ் திராட்சைப் பண்ணையின் ஆள்வரிசையில், கூலிக்காரர் வீடுகளில், ஒரே சுவருக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் நீ என்று வளர்ந்தோம். இன்னும் அங்கேயே இருப்பவள் நீதான். ஆகஸ்டில் இரண்டு வாரம் வந்து உன் வீட்டில் தங்கட்டுமா? அதற்குள் ஒரு சின்னப் பட்டியல் எழுதி அனுப்பேன்.

உன்,
ஷரோலீன்

*

வரிசை வீடு 7, ஸ்வால்நெஸ் பண்ணை
19 மே 1998

அடியே ஷரோலீன்,

காரியக்காரி! வா என்று சொல்ல வேறு வேண்டுமா உனக்கு? கட்டில் ஒன்றுதான் கூடுதலாக இருக்கிறது, அதுவும் ஒரு பக்கம் இறங்கியிருக்கும். உனக்குப் பழக்கமானதுதான்.

பட்டியல் கேட்டாய். ஊருக்குள் நுழைந்ததும் வெள்ளைத் துணி விரித்த மேசைகளோடு ஒரு கடை வரும், அங்கே போகாதே. தட்டு பெரிசு, அதில் சாப்பாட்டைத் தேட வேண்டும். சனிக்கிழமை காலையில் பாலத்தடியில் ரெபெக்கா கரி மேல் ரொட்டி சுடுகிறாள். நம்மோடு பள்ளியில் படித்த அதே ஒன்றரைக்கண் ரெபெக்காதான். சுடச்சுடப் பிட்டு வெண்ணெயும் திராட்சைப் பாகும் வைத்துத் தருவாள். அதைத் தின்றுவிட்டுக் கையை நக்காதவன் மனிதனே இல்லை. இனிப்பு மஸ்கடெல் வேண்டுமென்றால் ஸ்டேஷனுக்குப் பின்னால் இருக்கும் கூட்டுறவுக் கிடங்குக்குப் போ. பார்க்க லாரி ஷெட் மாதிரி இருக்கும், ஒயின் அருமை.

மலை இடுக்குக் குளத்துக்கு வெயில் ஏறும் முன் நடக்க வேண்டும். பையில் ஆரஞ்சுப்பழம் வைத்துக்கொண்டு போனால் பபூன் குரங்குகள் பையோடு பிடுங்கிக்கொண்டு போய்விடும் என்று எழுது. பாவம், வெளிநாட்டுக்காரர்களுக்குத் தெரியாது.

எங்கள் சின்ன முதலாளி தெரோன் பண்ணை ஒயினை ருசி பார்க்க ஒரு சுவைக்கூடம் கட்டியிருக்கிறார். வருகிறவர்கள் முகர்ந்து பார்த்து, வாயில் கொப்பளித்து, வாளியில் துப்புகிறார்கள். பீட்ரஸ் முதல் நாள் அதைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்து, "ஏண்டி, வருஷம் பூரா இடுப்பொடிய நான் செஞ்சதை வாளியில துப்புறாங்க, அதுக்குக் காசு வேற குடுக்குறாங்க. இவங்களுக்கென்ன கிறுக்கா?" என்றார். இரண்டு நாள் சோறு இறங்கவில்லை அவருக்கு.

சீக்கிரம் வா. ஆகஸ்டில் ஏரியில் நீர்ப்பூ பூத்திருக்கும், அதைப் பறித்து ஆட்டுக்கறி போட்டுக் குழம்பு வைக்கிறேன்.

உன் லெட்டி

*

வரிசை வீடு 7
2 செப்டம்பர் 1998

என் ஷரோலீன்,

நீ போனதிலிருந்து வீடு வெறிச்சென்று இருக்கிறது. வரிசையில் எல்லாரும் "உன் ஊமைக்குயில் போயிட்டாளா?" என்று கேட்கிறார்கள். நீயா ஊமை! இரண்டு வாரமும் உன் வாய் மூடவே இல்லை.

ஒரு விஷயம். போகும்போது பஸ் படியில் வைத்துச் சொன்னேன், நீயும் தலையாட்டினாய். ஆனாலும் மனசு கேட்கவில்லை, எழுதுகிறேன். எங்கள் பின்கட்டுப் பீப்பாயைப் பற்றி எழுதிவிடாதே.

நம் அப்பாக்களுக்குக் கூலியில் பாதியை ஒயினாகத் தகரக் குவளையில் ஊற்றிக் கொடுத்தார்கள். உன் அப்பா அந்தக் குவளையிலேயே போய்ச் சேர்ந்தார், உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்த வழக்கம் ஒழிந்தது. இப்போது இருப்பது வேறு: அறுவடை முடிந்ததும் திராட்சையின் கடைசிப் பிழிவில் ஒயின் கிடங்கு ஆட்களுக்கு ஆளுக்கொரு சின்னப் பீப்பாய். அதை அவரவர் தன் கைப்பக்குவத்தில் வைத்துக்கொள்ளலாம். ஆனால் வீட்டு வாசலைத் தாண்டக் கூடாது, ஒரு காசும் வாங்கக் கூடாது. மீறினால் வேலை போகும். வேலை போனால் வீட்டையும் காலி செய்ய வேண்டும்.

அன்று ஞாயிற்றுக்கிழமை நீர்ப்பூக் குழம்போடு அதை ஊற்றிக் கொடுத்தபோது நீ கண்ணை மூடிக்கொண்டு, "பீட்ரஸண்ணே, இந்தப் பள்ளத்தாக்குலயே இதுதான் ஒசத்தி" என்றாய். இருபத்தாறு அறுவடை பார்த்த மனுஷன், அப்படி ஒரு வார்த்தையை யாரும் அவரிடம் சொன்னதில்லை. அந்தச் சந்தோஷம் எங்களோடு இருக்கட்டும். வாக்குக் கொடுத்தாய்தான், காகிதத்திலும் ஒரு தரம் கொடு. சிரித்தால் சிரித்துக்கொள்.

உன் லெட்டி

*

கேப் டவுன்
14 செப்டம்பர் 1998

அன்பு லெட்டி,

பைத்தியமே, சிரிக்கத்தான் செய்தேன். நான் என்ன வேற்று ஆளா? அந்தப் பீப்பாயைப் பற்றி ஒரு எழுத்து வராது. இதோ காகிதத்திலும் கொடுத்துவிட்டேன், பைபிளுக்குள் வைத்துக்கொள்.

புத்தகம் வளர்கிறது. பதிப்பாசிரியர்தான் இன்னும் முகத்தைச் சுளிக்கிறார். "நல்லாத்தான் இருக்கு, ஆனா படிச்சவுடனே காரை எடுத்துக்கிட்டு ஓடணும்னு தோணலையே" என்கிறார். ஆனால் முன்னுரையில் நான் எழுதிய ஒரு வரி அவருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது: 'இதில் சொல்லியிருக்கும் ஒவ்வொரு கவளத்துக்கும் ஒவ்வொரு மிடறுக்கும் என் கையிலிருந்து காசு கொடுத்திருக்கிறேன்.' மற்ற கையேட்டுக்காரர்கள் எல்லாம் ஓசியில் தின்றுவிட்டுப் புகழ்கிறார்களாம். அதை அட்டையிலேயே போடப்போகிறார்.

பீட்ரஸண்ணனுக்கு என் அன்பு.

உன் ஷரோலீன்

*

வரிசை வீடு 7
18 ஜனவரி 1999

ஷரோலீன்,

புத்தகத்தை நீ அனுப்பவில்லை. ஏன் அனுப்பவில்லை என்று இப்போது புரிகிறது. சனிக்கிழமை ஒரு டச்சுக்காரத் தம்பதி அதைக் கையில் பிடித்துக்கொண்டு என் பின்கட்டில் வந்து நின்றார்கள். நான் ஒன்றும் இல்லை என்று கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பினேன். அவர்கள் நேராகச் சுவைக்கூடத்துக்குப் போய் முதலாளியிடமே வழி கேட்டிருக்கிறார்கள்.

பக்கம் 112. எனக்கு மனப்பாடமாகிவிட்டது. 'ஸ்வால்நெஸ் பண்ணையின் சுவைக்கூடத்தைத் தாண்டிச் செல்லுங்கள். ஆள்வரிசையில் ஏழாவது வீடு. பின்பக்கம் போய் லெட்டியிடம் கேளுங்கள். பெயர்ச்சீட்டு ஒட்டாத அந்த ஒயினுக்குப் பள்ளத்தாக்கில் இணை இல்லை.' வீட்டு எண்ணைக்கூட மாற்றாமல் போட்டிருக்கிறாய். என் பெயரைக்கூட!

தெரோன் கையில் புத்தகத்தோடு கிடங்குக்குள் வந்து எல்லாருக்கும் முன்னால், "என் பண்ணையோட நல்ல ஒயின் என் கூடத்துல இல்லியாம், என் ஆளோட கொல்லையில இருக்காம். வியாபாரம் எப்படிப் போகுது பீட்ரஸ்?" என்று கேட்டிருக்கிறார். பீட்ரஸ் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாராம்.

பாவி, ஏன் இப்படிச் செய்தாய்? யாரோ ஒருத்தி எழுதியிருந்தால் விவரம் தெரியாதவள் என்று விட்டிருப்பேன். நீ எங்கள் சுவருக்கு அந்தப் பக்கம் பிறந்தவள். உன் அப்பா போன மறு வாரமே உன் அம்மா சட்டி பானையோடு ரோட்டில் நின்றதை என்னோடு சேர்ந்து பார்த்தவள்.

சரி, திட்டி என்ன ஆகப்போகிறது? இதைக் கேள். வரும் 29ஆம் தேதி வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு விசாரணை வைத்திருக்கிறார்கள். அட்டையில் இருக்கும் அந்த வரியைக் காட்டி, "எழுதினவ ஒவ்வொரு மிடறுக்கும் காசு குடுத்தேன்னு சொல்றா, அப்ப நீ வித்திருக்க" என்கிறார் தெரோன். அன்று நீ பர்ஸை எடுத்தாய். நான் உன் கையில் ஒரு அடி போட்டு, "அக்கா தங்கச்சிக்குள்ள என்னடி காசு?" என்றேன். அதை வந்து சொல். இந்த ஒரு வீட்டில் மட்டும் நான் காசு கொடுக்கவில்லை, விருந்தாளியாகச் சாப்பிட்டேன் என்று சொல். அவ்வளவுதான் வேண்டும். காலை பஸ்ஸில் வந்து மாலை பஸ்ஸில் போய்விடலாம்.

லெட்டி

*

கேப் டவுன்
25 ஜனவரி 1999

அன்பு லெட்டி,

உன் கடிதத்தைப் படித்து அழுதேன். அந்தப் பக்கம் கடைசி நிமிடத்தில் சேர்ந்தது. பதிப்பாசிரியர் விடாமல் கேட்டுக்கொண்டே இருந்தார், ஒரு நாள் வாய் தவறிச் சொல்லிவிட்டேன். "இதை எழுதலேன்னா புத்தகமே வேண்டாம்" என்று நின்றார். உனக்கும் நாலு பேர் வந்து போனால் சமையலுக்கு ஒரு பேர் கிடைக்கும், அந்தப் பண்ணையை நம்பி இருக்க வேண்டியதில்லை என்றும் நினைத்தேன். நம்பு, உண்மையாகவே நினைத்தேன்.

வெள்ளிக்கிழமை என்னால் வர முடியாது, லெட்டி. ஓரிடத்தில் காசு கொடுக்கவில்லை என்று நான் சொன்னால் அட்டையில் இருப்பது பொய்யாகிவிடும், புத்தகத்தைக் கடைகளிலிருந்து திரும்ப வாங்க வேண்டியிருக்கும் என்கிறார் பதிப்பகத்தின் வக்கீல். ஆனால் உன்னைப் பற்றி நல்லவிதமாகப் பதிப்பகமே ஒரு கடிதம் அனுப்புகிறது. நான் வருவதைவிட அதற்கு மரியாதை அதிகம். எல்லாம் நல்லபடியாக முடியும், பார்.

என்றும் உன்
ஷரோலீன்

*

வரிசை வீடு 7
3 பிப்ரவரி 1999

ஷரோலீன்,

உங்கள் பதிப்பகத்தின் கடிதம் வந்து சேர்ந்தது. விசாரணையில் தெரோன் அதை எழுந்து நின்று சத்தமாகப் படித்தார். நான் அன்பான பெண்மணி, என் கைமணம் அபாரம் என்றெல்லாம் இருந்தது. அப்புறம், 'எங்கள் எழுத்தாளர் மேற்படி வீட்டில் உணவுக்கும் ஒயினுக்கும் உரிய தொகையைக் கொடுத்தே அருந்தினார் என உறுதியளிக்கிறோம்' என்று இருந்தது. அதன் கீழே உன் கையெழுத்தும் இருந்தது. பள்ளிக்கூடத்தில் போடுவாயே, யாஃப்தாவின் கடைசியில் ஒரு சுழி, அதே கையெழுத்து.

விசாரணை அதோடு முடிந்தது. மாதக் கடைசிக்குள் வீட்டைக் காலி செய்ய வேண்டும். வெளியே திராட்சை பழுத்து நிற்கிறது, நாளை அறுவடை தொடங்குகிறார்கள். பீட்ரஸ் இல்லாமல் தொடங்குகிறார்கள்.

அதைக்கூடத் தாங்கிக்கொள்வேன். அங்கிருந்து நடந்து வரும்போது பீட்ரஸ் பாதி வழியில் நின்று என் முகத்தைப் பார்த்தார். "அவ குடுத்தாளா, லெட்டி? எனக்குத் தெரியாம வாங்கினியா?" என்று கேட்டார்.

இல்லை என்றேன். சரி என்றார். ஆனால் நம்பவில்லை. இருபத்திரண்டு வருடம் குடும்பம் நடத்தியவரை எனக்குத் தெரியாதா? அச்சடித்த தாளையும் உன் கையெழுத்தையும் பார்த்த பிறகு என் வாய்வார்த்தை அவருக்குப் போதவில்லை. என் வயிறு எரிகிறது ஷரோலீன். வீட்டைப் பிடுங்கியது தெரோன். இதைச் செய்தது நீ.

லெட்டி

*

கேப் டவுன்
20 ஏப்ரல் 1999

என் அன்பு லெட்டி,

இரண்டு கடிதம் போட்டேன், பதில் இல்லை. நீங்கள் பீட்ரஸண்ணனின் தங்கை வீட்டில் இருப்பதாக ரெபெக்கா சொன்னாள். இதை அவள் மூலமாகத்தான் அனுப்புகிறேன். நான் சரியாகத் தூங்கி வெகு நாளாகிறது.

புத்தகம் விற்றுத் தீர்ந்துவிட்டது, இரண்டாம் பதிப்பு வருகிறது. 112ஆம் பக்கத்தை எடுத்துவிட்டேன். அந்த இடத்தில் உன்னைப் பற்றியே எழுத ஆசை. இப்போது எங்கே சமைக்கிறாய்? முகவரியை மட்டும் அனுப்பு, கூட்டம் அலைமோதும்படி எழுதுகிறேன். உனக்குச் செய்ய வேண்டியதை இப்படியாவது செய்கிறேன்.

இதோடு இருநூறு ராண்ட் நோட்டு ஒன்று வைத்திருக்கிறேன். தப்பாக நினைக்காதே. அன்றைய சாப்பாட்டுக்கும் ஒயினுக்கும் என்று வைத்துக்கொள். அன்று கொடுக்காததை இன்று கொடுத்துவிட்டால் நான் எழுதியது முழுப் பொய் இல்லை என்றாவது ஆகும். என் மன நிம்மதிக்காக வாங்கிக்கொள், லெட்டி.

உன்,
ஷரோலீன்

*

2 மே 1999

செல்வி யாஃப்தா அவர்களுக்கு,

உங்கள் கடிதமும் பணமும் கிடைத்தன.

கடிதத்தைப் பீட்ரஸிடம் கொடுத்தேன். கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு இரண்டு தரம் படித்தார். 'அன்று கொடுக்காததை' என்ற இடத்தில் விரலை வைத்து மூன்றாம் தரமும் படித்தார். பிறகு எழுந்து அடுப்படிக்கு வந்து, நான் கேட்காமலே வெங்காயம் உரித்துக் கொடுத்தார். "என்னை மன்னிச்சுடு புள்ள" என்றார். மூன்று மாதமாக எங்களுக்குள் இருந்தது அன்று போயிற்று. அதற்காக உங்களுக்கு நன்றி. அந்தத் தாளைப் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

எங்கே சமைக்கிறேன் என்று கேட்டிருந்தீர்கள். என் வீட்டு மனிதர்களுக்குச் சமைக்கிறேன். முகவரி இல்லை.

நோட்டைத் திருப்பி அனுப்புவேன் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். அனுப்பவில்லை. அதில் மாவும் எண்ணெயும் வாங்கினேன். இனி நீங்கள் என் வீட்டில் காசு கொடுத்துச் சாப்பிட்டுவிட்டுப் போன ஒருவர். அப்படிப்பட்டவர்களோடு எனக்குக் கடிதப் போக்குவரத்து கிடையாது.

இப்படிக்கு,
திருமதி எல். ஆர்ண்ட்சே