எண்ணாமல் எழுதிய பதினெட்டு

மார்ச் 3
மகள் முதன்முறையாக எனக்கு மதியச் சாப்பாடு கட்டிக்கொடுத்தாள். உப்பே இல்லை. சொல்லவில்லை, வழித்துச் சாப்பிட்டேன்.

மார்ச் 4
இன்று ஒரு தப்பு செய்தேன். எழுதித்தான் ஆகவேண்டும்.

அவசரப் பிரிவில் நிற்க இடமில்லை. ஒரு தையல்காரர் வந்தார்: மூன்று நாள் காய்ச்சல், சிறுநீர் போகும்போது எரிச்சல். என் யூனிஃபார்மைப் பார்த்து, "தோள் தையல் கோணலா இருக்கே சிஸ்டர்" என்று சிரித்தார். சிரிக்கிற மனுஷனுக்கு என்ன வந்துவிடப் போகிறது? நாடி, பிரஷர் பார்த்தேன். மூச்சை எண்ணவில்லை. எல்லாரும் போடுகிற மாதிரி 18 என்று அட்டையில் போட்டு வரிசையில் உட்காரவைத்தேன். இருபது வருஷ சர்வீஸ் எனக்கு.

கால் மணி நேரத்தில் அவர் மனைவி வந்தார். "வண்டியிலதான் வந்தோம். ஓடி வந்த மாதிரி ஏன் இவருக்கு இப்படி மூச்சு வாங்குது?"

கடிகாரத்தைப் பார்த்து ஒரு நிமிஷம் முழுசாக எண்ணினேன். 31. இருபதுக்குள் இருக்கவேண்டியது. அவர் கை சில்லிட்டிருந்தது, பேச்சு குழறியது, பிரஷர் 84. செப்சிஸ், உடம்பு முழுக்கப் பாதித்துவிட்ட கிருமித்தொற்று.

டாக்டரம்மா ஓடி வந்தார். என்ன கிருமி என்று பார்க்க, கல்ச்சருக்கு ரத்தம் எடுத்தோம். உடனே ஆன்டிபயாடிக், இரண்டு கையிலும் சலைன். அப்படியும் பிரஷர் ஏறவில்லை. ஏற்றுகிற மருந்தை ஆரம்பித்து ஐசியுவுக்கு அனுப்பினோம். அவர் வந்த ஒரு மணி நேரத்துக்குள் இதையெல்லாம் செய்து முடித்தோம். அதில் கால் மணி நான் வீணாக்கியது.

"அந்த 18 எண்ணாம போட்டது டாக்டர்."

அவர் திட்டவில்லை. "ஒரு கோடு போட்டு அடிச்சு, பக்கத்துல சரியானத எழுதி கையெழுத்துப் போடுங்க. நானும் ஒரு காலத்துல போட்டவதான்."

மார்ச் 5
தையல்காரருக்குப் பிரஷர் ஏற்றுகிற மருந்தைக் கூட்டியிருக்கிறார்கள். சாப்பாடு இறங்கவில்லை. அவருக்கு ஏதாவது ஆயிடுச்சுன்னா நான் என்ன பண்ணுவேன் — அவர் சம்சாரம் முகத்துல எப்படி முழிப்பேன்?

மார்ச் 7
அந்த மருந்தை நிறுத்திவிட்டார்கள். பிரஷர் தானாக நிற்கிறது. மகள் சமையலில் இன்று உப்பு அதிகம். அமிர்தமாக இருந்தது.

மார்ச் 10
என் தப்பைக் கூட வேலை செய்கிற நர்ஸ்களிடம் சொன்னேன். ஒருத்தி, "நானும் 18தான் போடுவேன்" என்றாள். அடுத்தவள், "நான் 20" என்றாள். சிரித்துவிட்டோம். சிரிக்கிற விஷயமில்லைதான்.

மார்ச் 15
தையல்காரர் வீட்டுக்குக் கிளம்பினார். அவர் மனைவியிடம், "முதல்ல நான் அவர் மூச்சை எண்ணலம்மா. நீங்க சொன்ன பிறகுதான்" என்றேன். "சொன்னதும் எண்ணினீங்கல்ல" என்றார்.

மார்ச் 22
தையல்காரர் அன்று கேட்டு வாங்கிப்போன என் யூனிஃபார்மை, தோள் தையலைப் பிரித்து நேராக்கி அனுப்பியிருக்கிறார்.

காலையில் மற்ற நர்ஸ்கள் எழுதிய அட்டைகளைப் புரட்டினேன். மூச்சு எண்ணிக்கை 17, 23, 15, 19. குத்துமதிப்பாகப் போடுகிறவர்கள் ஒற்றைப்படையில் போடமாட்டார்கள்.